சுமார் 80 இடங்களில் முறிவு, மூட்டு விலகல்... பனிச்சரிவு பாடம் எடுத்தவரையே புரட்டிய பனிச்சரிவு! யார் இந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி?

1916 பிப்ரவரி 28. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கார்னிக் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சரிவில் புதைந்த வீரர்களை மீட்க ஒரு குழு கிளம்பியது. அதில் இருந்த மத்தியாஸ் ஸ்டார்ஸ்கிக்கு மூன்று நாள் முன்புதான் 60 வயது நிறைந்திருந்தது. ஆஸ்திரிய ராணுவத்துக்குப் பனிமலைப் பாடம் எடுத்தவரே அவர்தான். போன வழியில் இன்னொரு பனிச்சரிவு அவரை அடித்துப் புரட்டியது.

யார் இவர்?

1856-ல் மொராவியாவில் (இன்றைய செக் குடியரசு) பிறந்தவர். சின்ன வயதிலேயே விபத்தில் ஒரு கண்ணில் பார்வை போனது. ஆசிரியர் வேலை பார்த்தார், ஓவியம், சிற்பம் செய்தார். பிறகு ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்ட் அருகே பண்ணை வாங்கிக் குடியேறினார். நான்சென் ஸ்கீ போட்டு கிரீன்லாந்தைக் கடந்த கதை அவரை இழுத்தது. நார்வேயிலிருந்து ஸ்கீ வரவழைத்தார். ஆனா, அது ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவுக்குச் சரிப்படவில்லை. அதனால் கால் பக்கவாட்டில் ஆடாதபடி பிடிக்கும் எஃகுப் பிணைப்பைத் தானே உருவாக்கினார். 1905-ல் முக்கன்கோகல் மலையில் கொடிக்கம்பங்களுக்கு இடையே வளைந்து இறங்கும் போட்டியையும் நடத்தினார்.

விபத்துக்குப் பிறகு?

எலும்பு முறிவு, மூட்டு விலகல் எல்லாம் சேர்த்து சுமார் 80. ஆனாலும் பிழைத்தார். பல ஆண்டுகள் போராடி, மறுபடி ஸ்கீ மேல் ஏறினார்! 1929-ல் பனிச்சரிவு பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். 1940-ல், 84 வயதில் மறைந்தார்.

அப்பாவி மாதிரி தெரியும் பனிதான் ஆளைக் கொல்லும் என்பதை அவர் விடாமல் சொன்னார். ஏன்? காற்று அடித்துக் கெட்டியாக்கிய பனி, பலகை போல மேலே படிந்திருக்கும். அடியில் ஒரு பலவீனமான அடுக்கு இருந்தால், ஒரு ஆள் எடையே போதும். அடி அடுக்கு நொறுங்கி, மொத்தப் பலகையும் விரிசல் விட்டு வழுக்கி இறங்கிவிடும். ஸ்கீ வீரர்களைப் புதைக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்டவைதான்.

இன்றைய பாடம் என்ன?

* கிளம்பும் முன் பனிச்சரிவு எச்சரிக்கை அறிவிப்பைப் பாருங்கள்.
* 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் அதிக ஆபத்து. புதுப்பனி விழுந்த, காற்று பலமாக அடித்த மறுநாள் அவற்றைத் தவிருங்கள்.
* சரிவைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.
* டிரான்ஸ்சீவர், துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பயன்படுத்தியும் பழகியிருக்க வேண்டும்.

கடைசி விஷயம்தான் உயிர் விஷயம். புதைந்தவரை முதல் 10-15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்கு மேல் அது சடசடவெனச் சரியும். ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் முடிந்துவிடலாம். காப்பாற்றப்போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான். அவருக்கும் இதெல்லாம் தெரியுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.