பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்

பிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் (ஏப்ரல் 26, 1822 – ஆகஸ்டு 28, 1903) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற நிலத்தோற்றக் கட்டிடக்கலைஞர் ஆவார். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவர். பாஸ்டன் நகரில் இவர் அமைத்த பூங்காத் தொடர், பசுமைவெளியைக் கொண்டு வெள்ளத்தைக் கட்டுப்படுத்திய முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாகும்.

வாழ்க்கை

கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த ஓம்ஸ்டெட், இளமையில் வேளாண்மையிலும் இதழியலிலும் ஈடுபட்டார். 1858 இல் கால்வர்ட் வாக்ஸ் என்பவருடன் இணைந்து உருவாக்கிய திட்டம் சென்ட்ரல் பூங்காவுக்கான போட்டியில் வென்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களின் உடல்நலம் பேணிய சுகாதார ஆணையத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1883 இல் பாஸ்டனை அடுத்த புரூக்லைனில் குடியேறினார்.

பாஸ்டன் பணி

மடி ரிவர் என்னும் சிற்றாறும் ஸ்டோனி புரூக் ஓடையும் சார்ல்ஸ் ஆற்றில் கலக்கும் சதுப்புநிலம், கழிவுநீர் தேங்கி நாற்றமெடுத்துக் கிடந்தது. கடல் ஏற்றத்தின்போது பெருமழை பெய்தால், வடிய வழியின்றி நீர் கரைகடந்தது. 1870களின் இறுதியில் இதனைச் சீரமைக்கும் பணி ஓம்ஸ்டெட்டிடம் வந்தது.

நகரப் பொறியாளருடன் இணைந்து, கழிவுநீரைத் தனிக் குழாயில் திருப்பி, ஆற்றுவாயில் மதகு அமைக்கத் திட்டமிட்டார். வெள்ளநீர் பரவித் தங்குவதற்காக அகன்ற தாழ்நிலம் விடப்பட்டது. கற்சுவருக்குப் பதிலாகச் சாய்வான கரைகள் அமைத்து, நீரில் மூழ்கினாலும் தாங்கும் உவர்நிலத் தாவரங்களை நட்டார். பேக் பே ஃபென்ஸ் எனப்படும் இப்பகுதி, 'மரகத மாலை' என்னும் பூங்காத் தொடரின் ஓர் அங்கமாகும்.

பிற்கால மாற்றங்கள்

ஓம்ஸ்டெட் 1895 இல் ஓய்வு பெற்றார். அவர் மறைவுக்குப் பின், 1910 இல் நிறைவடைந்த சார்ல்ஸ் ஆற்று அணை கடல்நீர் வரவைத் தடுத்ததால், உவர்நிலத் தாவரங்கள் அழிந்தன. 1950களில் மடி ரிவரின் ஒரு பகுதி நிலத்தடிக் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டது. எஞ்சிய நீர்வழியிலும் வண்டலும் நாணலும் மண்டின. 1996 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டு, கென்மோர் சுரங்க இரயில் நிலையம் நீரில் மூழ்கியது.

இதனையடுத்து வகுக்கப்பட்ட சீரமைப்புத் திட்டத்தின் முதற்கட்டமாக, 2013 முதல் 2016 வரை நடந்த பணிகளில், புதைக்கப்பட்ட ஆற்றுப்பகுதி மீண்டும் திறந்த வாய்க்காலாக்கப்பட்டுக் கரைகளில் செடிகள் நடப்பட்டன. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஓம்ஸ்டெட் வகுத்த தொடர்ச்சியான திறந்த நீர்வழியே, வெள்ளத்தைத் தணிக்கும் வழியாக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது.