நாணயமே முதலாக: விடுதி வணிகர் கான்ராட் ஹில்டன்

வணிகத்திற்கு முதல் தேவை என்பதை யாவரும் அறிவர். அம்முதல் பணமாக மட்டுமே இருக்க வேண்டுமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. நம் ஜமாஅத்தில் கடை நடத்துவோரும், கூட்டு வியாபாரம் செய்வோரும், வெளிநாடுகளில் பிறரிடம் பணிபுரிவோரும் உள்ளனர். அவர்கள் அனைவருக்கும் பயன்தரும் ஒரு வாழ்க்கையை இம்மலரில் எடுத்துரைக்க விரும்புகிறோம். அது, ஹில்டன் விடுதிகளை நிறுவிய கான்ராட் ஹில்டனின் வாழ்க்கை. அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அவ்விடுதிகளில் நடைபெறும் யாவும் நமக்கு ஏற்புடையவை அல்ல. எனினும், நல்லது எங்கிருப்பினும் எடுத்துக்கொள்வது நம் மரபு.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் சான் அன்டோனியோ என்னும் சிற்றூரில் 1887 டிசம்பர் 25 அன்று அவர் பிறந்தார். தந்தை நார்வேயிலிருந்து குடியேறிய வணிகர். 1907-ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் நொடித்தபோது, வீட்டின் சில அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டனர். நள்ளிரவு ரயிலில் வருவோரை எதிர்கொண்டு அழைத்து வருவது இளைஞர் கான்ராடின் பொறுப்பாயிற்று.

1919-இல் டெக்சாஸ் மாநிலத்தின் சிஸ்கோ நகருக்கு ஒரு வங்கியை விலைக்கு வாங்கச் சென்றார். விற்பவர் பேசிய விலையை உயர்த்தியதால் அது கைகூடவில்லை. இரவு தங்க மோப்லி என்னும் விடுதிக்குச் சென்றார். எண்ணெய்க் கிணறுகளில் பணிபுரிவோர் அங்கே எட்டு மணி நேரத்திற்கு ஒருவராக, முறை வைத்து உறங்கிக்கொண்டிருந்தனர். நாற்பது அறைகள் கொண்ட அவ்விடுதியை, தாயும் நண்பர்களும் வங்கியும் தந்த பணத்தைத் தம் கையிருப்புடன் சேர்த்து 40,000 டாலருக்கு வாங்கினார்.

அவருடைய நிர்வாக முறை அங்கேயே உருவாயிற்று. உணவுக்கூடத்தை அறைகளாக மாற்றினார். இடத்தில் ஒரு சாணும் வீணாகலாகாது என்பது அவர் கொள்கை. பணியாளர்களை ஒன்றுகூட்டி, விடுதியின் நற்பெயர் அவர்களுடைய தூய்மையிலும் இன்முகத்திலுமே உள்ளது என உணர்த்தினார். 1925-இல் தம் பெயர் தாங்கிய முதல் விடுதியை டல்லாஸ் நகரில் திறந்தார். அதற்கான நிலத்தை விலைக்கு வாங்காமல் நெடுங்காலக் குத்தகைக்கே பெற்றார்.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் அமெரிக்க விடுதிகளுள் மிகப் பல திவாலாயின. வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை இறுக்க, ஹில்டனும் தம் விடுதிகளை இழக்கும் நிலைக்கு வந்தார். அக்காலத்தில் அவரிடம் வேலை பார்த்த ஏவலாள் ஒருவர், தம் சேமிப்பான 300 டாலரை அவருடைய உணவுச் செலவுக்கெனக் கொடுத்ததை அவரே தம் சுயசரிதையில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார். செல்வம் கைவிட்ட நாளில் முதலாளியைத் தொழிலாளி நம்பினார் என்றால், அம்முதலாளி அதுவரை நடந்துகொண்ட விதமே அதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். கடன் கொடுத்தோருடன் பேசி, பொறுமையுடன் ஒவ்வொரு விடுதியாக மீட்டார். வீழ்ந்திருந்த அந்நாட்களில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியின் படத்தை வெட்டி வைத்துக்கொண்டார். 1949-இல் அவ்விடுதியின் நிர்வாகமே அவர் கைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1946-இல் ஹில்டன் நிறுவனம் முறைப்படி அமைந்துவிட்டது. 1954-இல் ஸ்டாட்லர் விடுதிகளை 11 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

வெளிநாடுகளில் அவர் கையாண்ட முறை நம் கவனத்திற்குரியது. 1949-இல் போர்ட்டோ ரிக்கோவில் திறக்கப்பட்ட விடுதியைக் கட்டியது அங்குள்ள அரசு நிறுவனம், நடத்தியது ஹில்டன். நடப்பு இலாபத்தில் மூன்றில் இரு பங்கு கட்டட உரிமையாளருக்கு, ஒரு பங்கு நடத்துவோருக்கு. 1955-இல் இஸ்தான்புல்லிலும், 1959-இல் கெய்ரோவில் நைல் நதிக்கரையிலும் ஹில்டன் விடுதிகள் எழுந்தபோதும் கட்டடம் பிறருடையதாகவே இருந்தது. ஒருவர் முதலிட மற்றவர் உழைக்கும் முளாரபா வணிகத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் விரித்துரைக்கின்றன. இது முழுவதும் அதுவன்று. ஆயினும் அதன் உயிர்நாடியான நம்பிக்கையே இதற்கும் உயிர்நாடி. கணக்கில் ஒருமுறை பொய் கலந்திருந்தால் அடுத்த நாடு அவரை அழைத்திருக்குமா?

1979 ஜனவரி 3 அன்று, 91-ஆம் வயதில் அவர் மறைந்தார். உறவினருக்குச் சிறு தொகைகளை ஒதுக்கி, சொத்தின் பெரும்பகுதியை 1944-இல் தாம் நிறுவிய அறக்கட்டளைக்கு எழுதி வைத்திருந்தார். மகன் பாரன் அதை எதிர்த்து வழக்காட, 1988-இல்தான் சமரசம் ஏற்பட்டது. அந்த மகனும் 2019-இல் மறைந்தபோது, தம் செல்வத்தில் நூற்றுக்கு 97 பங்கை அதே அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். வாரிசுகளின் பங்கை நம் மார்க்கம் வரையறுத்துள்ளதால் மரண சாசனத்தில் நம் வழி வேறு. ஆயினும் வாழும் காலத்திலேயே அறத்திற்கென ஒரு பகுதியை ஒதுக்கவும், பின்வருவோர் பிணங்காதவாறு எழுத்தில் தெளிவாக வைக்கவும் நமக்குத் தடையேதும் இல்லை.

கூட்டாளியின் பணம், பணியாளரின் கூலி, கடன் கொடுத்தவரின் தவணை ஆகிய மூன்றும் நம் கையில் உள்ள அமானிதங்கள். இவற்றைப் பேணுவோர்க்குக் கையில் முதல் குறைந்தாலும் வணிகம் நின்றுவிடாது. நம் இளைஞர்கள் தொழில் தொடங்குமுன் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.