கிடைத்த முன்னிலையை வளர்த்த மன்னன்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களை ஆடுபவருக்கு முதல் நகர்வு கிடைக்கிறது. அது ஒரு சிறு முன்னிலையே, வெற்றி அன்று. குதிரையையும் மந்திரியையும் காலத்தே வெளியே கொணராமல், ராணியை மட்டும் இங்குமங்கும் ஓட்டிக்கொண்டிருந்தால், சில நகர்வுகளிலேயே அம்முன்னிலை கரைந்து போகும். தொடக்கத்தில் பெற்றதைப் பயன்படுத்தக் கற்பதே ஆட்டத்தின் கடினமான பாடம். அப்பாடத்தைத் தன் வாழ்வில் நடத்திக் காட்டியவன், நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை உருவாக்கிய முதலாம் இராசேந்திர சோழன்.

இவன் தந்தை முதலாம் இராசராசன். தாய் வானவன் மாதேவி. 985இல் அரியணை ஏறிய இராசராசன், சேர பாண்டிய நாடுகளையும் ஈழத்தின் வடபகுதியையும் வென்றான். நிலங்களை அளந்து ஆட்சியை ஒழுங்குபடுத்தினான். வலிமை மிக்க கடற்படையைச் சேர்த்தான். 1012இல் மகனை இளவரசனாக்கித் தன்னுடன் ஆளச் செய்தான். 1014இல் முழுப் பொறுப்பும் மகனுடைய தோளில் இறங்கியது. தந்தை தேடிய செல்வத்தை உண்டு உறங்கியே அழித்த பிள்ளைகள் வரலாற்றில் எத்தனை பேர்!

இராசேந்திரன் உறங்கவில்லை, அவசரப்படவும் இல்லை. தந்தை தொடங்கிய ஈழப் போரை முதலில் தொடர்ந்தான். ஏறக்குறைய 1017இல் ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 1018இல் தன் மகன் இராசாதிராசனை இளவரசனாக்கினான். மற்றொரு மகனைச் சோழ பாண்டியன் என்னும் பட்டத்துடன் மதுரையில் அமர்த்தினான். ராஜாவைக் கோட்டை கட்டிக் காத்துக்கொண்டு பிறகு தாக்கப் புறப்படும் தேர்ந்த ஆட்டக்காரரின் செயல் அன்றோ இது!

வீடு உறுதியான பின்னரே படை வடக்கே நகர்ந்தது. கலிங்கம் கடந்து, வங்காளத்து மகிபாலனை வென்று, ஏறக்குறைய 1023இல் கங்கை நீருடன் திரும்பியது. கோதாவரிக் கரைவரை சென்று மன்னன் தன் படையை எதிர்கொண்டான். 1025இல் கடற்படை வங்கக் கடலைக் கடந்து, ஸ்ரீவிஜயப் பேரரசின் கடாரம் முதலிய துறைமுகங்களைத் தாக்கியது. கடற்படை தந்தை வைத்துச் சென்ற முதல். அதைக் கடாரம்வரை செலுத்திய துணிவு மகனுடையது.

போர் என்றால் கண்ணீரும் உண்டு. மகிந்தன் தன் நாட்டைத் திரும்பக் காணாமல் சிறையிலேயே மாண்டான். கங்கைக்கரை நாடுகளும் சோழர் ஆட்சியில் நிலைக்கவில்லை. நிலைத்தவை எவை? கங்கை வெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரி. அதனருகே எழுந்த புதிய தலைநகர். ஏறக்குறைய 180 அடி உயர விமானத்துடன் நிற்கும் பெருங்கோயில். 2004இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. எண்ணாயிரம் என்னும் ஊரில் 340 மாணவர் உணவுடன் கல்வி பெற்றதையும் அவன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. 1044இல் இராசேந்திரன் மறைந்தான். அவன் அமைத்த தலைநகரோ ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர்க்குத் தலைநகராய் விளங்கியது.

நம் மாணவியருள் பலருக்குத் தாயும் பாட்டியும் பெறாத பள்ளிப்படிப்பு கிடைத்திருக்கிறது. வயலிலும் அடுப்படியிலும் பெற்றோர் சிந்திய வியர்வையே நமக்குக் கிடைத்த முதல் நகர்வு. அதை வைத்துக்கொண்டு அடுத்த காயை நகர்த்தாமல் இருந்தால், மூன்று நான்கு ஆண்டுகளில் நாமும் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனின் கதையை நற்செய்தியில் படித்திருக்கிறோம். அவன் திருடவில்லை, வீணடிக்கவும் இல்லை, பயன்படுத்தவில்லை என்பதே அவன் மேல் விழுந்த குற்றம். மூத்தோர் தந்ததைப் பெருக்குவோம். பெருக்கியதைப் பிறருக்கு ஏரியாகவும் பள்ளியாகவும் விட்டுச் செல்வோம்.