இளம் ஆசான் டெரோசியோ

நம் எளாவூரைக் கடந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை, கல்கத்தா மாநகரைச் சென்றடைகிறது. அந்நகரில் 1809ஆம் ஆண்டு, போர்த்துக்கீசிய வழிவந்த குடும்பமொன்றில் பிறந்தவர் ஹென்றி டெரோசியோ. இளமையிலேயே கவி பாடும் ஆற்றல் பெற்ற அவர், 1826இல், தமது 17ஆம் வயதில், அங்குள்ள இந்துக் கல்லூரியில் ஆசிரியரானார்.

எதையும் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். கடவுள் உண்டு என்போர் வாதத்தையும், இல்லை என்போர் வாதத்தையும் ஒருங்கே எடுத்துரைத்தார். முடிவை மாணவரிடமே விட்டார். மாணவர்கள் சாதிக் கட்டுப்பாடுகளையும் பழைய வழக்கங்களையும் பற்றிக் கேள்வி கேட்கலாயினர். அஞ்சிய பெற்றோர் சிலர், பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர்.

1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. டெரோசியோ மிகத் திறமையுள்ள ஆசிரியர் என்று டேவிட் ஹேர் எடுத்துக் கூறினார். ஆயினும், அவரை அழைத்து ஒரு வார்த்தையும் கேளாமலே, விலக்குவதென்று குழு முடிவு செய்தது. விசாரணையின்றித் தண்டிப்பது முறையன்று என எழுதிவிட்டு, அவர் பதவி விலகினார். பின்னர் ஒரு நாளிதழை நடத்தினார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், காலரா நோய் கண்டு மறைந்தார். அப்போது வயது 22.

அவர் மாணவர் குழாமைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார், பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்துப் புகழ்பெற்றார். ராம்தனு லாகிரி சிறந்த ஆசிரியராக விளங்கினார்.

இரு தரப்பையும் கேட்கக் கற்றுத் தந்தவரின் தரப்பை அக்கல்லூரி கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் கேள்வி நமக்குச் சங்கடம் தரும் வேளையில், பெற்றோரும் ஆசிரியருமாகிய நாம் டெரோசியோவை நினைவுகூர்வோமாக.