டென்னிஸ் ரிட்ச்சி

டென்னிஸ் மாக்கலிஸ்டர் ரிட்ச்சி (செப்டம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். சி நிரலாக்க மொழியை உருவாக்கியவரும், கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயக்குதளத்தை வடிவமைத்தவரும் இவரே.

வாழ்க்கை

ரிட்ச்சி நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில் நகரில் பிறந்தார். இவரது தந்தை அலிஸ்டர் ரிட்ச்சி பெல் ஆய்வகத்தில் தொலைபேசி இணைப்பகப் பொறியியலாளராகப் பணியாற்றினார். ரிட்ச்சி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1963இல் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை 1968 அளவில் எழுதி முடித்தும், முறைப்படி அளிக்காததால் பட்டம் பெறவில்லை. அதற்கு முன்பே, 1967இல், தந்தை பணியாற்றிய பெல் ஆய்வகத்திலேயே சேர்ந்திருந்தார்.

சி மொழியின் தோற்றம்

பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து 1969இல் விலகியது. அதன்பின் தாம்சன் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார். அவரது பி மொழியில் தரவு வகைகள் இல்லை. பைட் அளவில் நினைவகத்தை அணுகும் பிடிபி-11 வந்தபோது இக்குறை தடையாயிற்று. ரிட்ச்சி வகைகளைச் சேர்த்து அம்மொழியை விரித்தார். 1972 அளவில் அது சி மொழியாக உருப்பெற்றது.

அவ்வாண்டு யுனிக்ஸின் கருவைச் சி மொழியில் எழுத முயன்ற தாம்சன் இடையில் கைவிட்டார். பலவகைத் தரவுகளை ஒன்றாகத் தொகுக்கும் ஸ்ட்ரக்சர் என்னும் வசதி மொழியில் சேர்ந்த பிறகே, 1973இல் அப்பணி நிறைவேறியது. ஸ்ட்ரக்சரை வெறும் தேர்வு வினாவாகப் படிக்கும் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிவது நன்று. இதன் பயனாக 1977இல் வேறு கட்டமைப்புடைய இன்டர்டேட்டா 8/32 கணினிக்கும் யுனிக்ஸை மாற்ற முடிந்தது.

பிரையன் கெர்னிகனுடன் இவர் எழுதிய சி மொழி நூல் 1978இல் வெளிவந்தது. இருநூறு பக்கங்களைச் சற்றே தாண்டிய அந்நூலே, 1989இல் அமெரிக்கத் தரநிலை வரும்வரை மொழியின் இலக்கணமாக விளங்கியது. எக்கணினிக்கும் பொருந்தும் மொழி என்பதால் அதைக் கற்கப் பேராய்வகம் தேவைப்படவில்லை. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் அது அடிப்படைப் பாடமாயிற்று. தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மாணவர்க்கும் அவ்வாறே. கட்டற்ற ஜிசிசி நிரல்மாற்றி இருந்தும், நம் கல்லூரிகள் பல டர்போ சியின் நீலத்திரையை நெடுங்காலம் விடவில்லை என்பது தனிக்கதை. ரிட்ச்சி மறைந்த அதே 2011இல் சோகோ நிறுவனம் தென்காசியில் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அது அருகிலுள்ள மத்தளம்பாறையில் வளர்ந்தது.

வெளியீடுகளும் மூல நிரலும்

தொடக்க கால யுனிக்ஸுக்கு இன்று நாம் அறிந்த வெளியீட்டுத் திட்டம் எதுவும் இல்லை. தாம்சனும் ரிட்ச்சியும் தொகுத்த பயனர் கையேட்டின் முதற்பதிப்பு நவம்பர் 3, 1971 எனத் தேதியிடப்பட்டது. அதன்பின் கையேட்டின் பதிப்பு எண்ணே இயக்குதளத்தின் பதிப்பு எண்ணாயிற்று. ஆவணம் முந்தி, எண் பிந்தி என்னும் இவ்வழக்கம் இன்றைய திட்டங்கள் பலவற்றில் தலைகீழாகிவிட்டது.

1956ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாட்டால் ஏடி&டி நிறுவனம் தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்ய இயலவில்லை. ஆகவே பல்கலைக்கழகங்கள் யுனிக்ஸை மூல நிரலுடன் குறைந்த கட்டணத்தில் பெற்றன. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பறையில் பாடமாக்கத் தடை விதித்தது. ஆறாம் பதிப்புக்கு ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் எழுதிய விளக்கவுரை அதன்பின் ஒளிநகலாகக் கைமாறிப் படிக்கப்பட்டது. இக்கதவடைப்பே 1987இல் டனன்பாம் மினிக்ஸ் எழுதவும், மினிக்ஸ் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் தொடங்கவும் வழிகோலியது. பழைய யுனிக்ஸ் பதிப்புகள் 2002இல்தான் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தன. ரிட்ச்சி தம் செட்யுஐடி காப்புரிமையோ முன்னரே பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது.

விருதுகளும் மறைவும்

ரிட்ச்சியும் தாம்சனும் 1983இல் டூரிங் விருதும், பின்னர் அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும், 2011இல் ஜப்பான் பரிசும் பெற்றனர். பிளான் 9, இன்ஃபெர்னோ ஆகிய இயக்குதளங்களிலும் பங்காற்றிய ரிட்ச்சி 2007இல் ஓய்வு பெற்றார்.

நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியே வாழ்ந்த இவர், அக்டோபர் 12, 2011 அன்று இல்லத்தில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். ஒரு வாரம் முன்னர் மறைந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கிடைத்த செய்தி வெளிச்சத்தில் சிறுபகுதியும் இவருக்குக் கிடைக்கவில்லை. எனினும் அடுத்த சில மாதங்களில் வெளிவந்த ஃபெடோரா 16, ஃப்ரீபிஎஸ்டி 9.0 ஆகிய இரு கட்டற்ற இயக்குதள வெளியீடுகள் இவரது நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டன.