பிரித்துப் பார்த்துப் படித்தவர் ஜி.டி.நாயுடு

மோட்டார் சைக்கிள் வாங்கிய வாலிபன் என்ன செய்வான்? ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றி வருவான். நாலு பேர் பார்க்கட்டும் என்று கடைவீதியில் நிறுத்துவான்.

ஒரு வாலிபர் அப்படிச் செய்யவில்லை. மூன்று ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் மாட்டினார்.

அந்த வாலிபர்தான் பின்னாளில் கோவை விஞ்ஞானி என்று பெயர் பெற்ற ஜி.டி.நாயுடு.

பெங்களூரில் லேத் மெஷின் முன்னால் நிற்கும் தொழிலாளியும், ஜே.சி. ரோட்டில் உதிரிச் சாமான் தேடி அலையும் மெக்கானிக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

மண்ணை வீசிய சிறுவன்

கோவையை அடுத்த கலங்கல் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தார். தந்தையின் பெயர் கோபால்சாமி நாயுடு.

பள்ளிக்கூடம் துரைசாமிக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று சொல்வார்கள். படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது. ஆனால் கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகத்தையும் பத்திரிகையையும் அவர் விடாமல் படித்தார்.

இருபது வயதை ஒட்டிய சமயம். ஒரு வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. தானாக ஓடுகிறது வண்டி! துரைசாமியின் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

ஓட்டலில் வேலை

வண்டி வாங்கப் பணம் வேண்டும். ஊரை விட்டுக் கோவைக்கு நடையைக் கட்டினார். கிடைத்த வேலைகளைச் செய்தார். ஓட்டலில் சப்ளையராக இருந்தார்.

மூன்று ஆண்டுகள் காசுக்குக் காசு சேர்த்தார். முன்னூறு, நானூறு ரூபாய் தேறியது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதே அதிகாரியிடம் அந்த வண்டியையே வாங்கிவிட்டார்.

வாங்கிய வண்டியைத்தான் பிரித்துப் போட்டார்!

இன்று வண்டி கெட்டால் தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கிறார். அன்று அப்படி இல்லை. உதிரிச் சாமான் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆளும் கிடையாது. வண்டியே அவருக்கு வாத்தியார் ஆயிற்று.

நாலே வேலை

ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் நடப்பது நாலே வேலைதான். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போக வேண்டும். பிஸ்டன் அதை அழுத்த வேண்டும். பிளக்கில் பொறி விழுந்து அது எரிய வேண்டும். எரிந்த புகை வெளியேற வேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டால் இந்த நாலில் எங்கே தடை என்று தேட வேண்டும். பெட்ரோல் வருகிறதா? பொறி விழுகிறதா? அழுத்தம் இருக்கிறதா? இப்படி வரிசையாகப் பார்க்கத் தெரிந்தவன் பாதி ரிப்பேரை முடித்துவிட்டான். பார்க்கத் தெரியாதவன் நல்ல சாமானையும் மாற்றிப் பணத்தைக் கரைப்பான்.

பெட்ரோலில் ஓடும் படகு மோட்டாரும் காரும் இந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன. ஒன்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கு மற்றதைப் பார்த்துப் பயம் வராது.

துரைசாமிக்கும் பயம் போயிற்று. மெக்கானிக் ஆனார்.

ஒரே ஒரு பஸ்

நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கிக் கொஞ்சம் பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய் அதை இழந்தார். ஆனால் கைத்தொழில் அவரோடு இருந்தது.

1920-ம் ஆண்டு, கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது அந்த பஸ். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

அந்த ஒரு பஸ்சில் தொடங்கியதுதான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சில ஆண்டுகளில் அது பெரிய கம்பெனியாக வளர்ந்தது. நேரம் தவறாத பஸ் என்று பெயர் வாங்கியது.

பஸ் தொழிலில் லாபத்தைத் தின்பது ரிப்பேர். பஸ் ஒரு நாள் ஷெட்டில் நின்றால் அன்றைய வசூல் போச்சு. முதலாளிக்கே எஞ்சின் தெரியும் என்றால் அந்த நஷ்டம் பெரிதும் குறையும். நாயுடுவுக்கு அது தெரிந்திருந்தது.

சொந்த மோட்டார்

அந்த நாளில் மின்சார மோட்டார் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலையும் அவர்கள் சொன்னதுதான். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் தேவைப்பட்டது.

1937-ம் ஆண்டு பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையிலேயே மின் மோட்டார் செய்தார். இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்று அது பெயர் பெற்றது. மோட்டாருக்கும் பம்புக்கும் இன்று நாடு முழுதும் கோவையைத் தேடுகிறார்கள் என்றால் அதற்குப் போட்ட விதைகளில் இதுவும் ஒன்று.

பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம் என்று அவர் செய்தவை ஏராளம்.

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய காரை 2 ஆயிரம் ரூபாயில் செய்து காட்டினார். சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது.

ஏழைக்கு எட்டும் விலையில் எந்திரம் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முன்னூறு ரூபாய்க்காக மூன்று ஆண்டு எச்சில் தட்டு எடுத்தவருக்கு அந்த அருமை தெரியும்.

கல்லூரியில் மோதல்

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய அவரே 1945-ல் கோவையில் என்ஜினீயரிங் கல்லூரி உருவாகப் பாடுபட்டார். சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் அது தொடங்கியது. நாயுடுவே அதன் பிரின்சிபால் ஆனார்.

அங்கேதான் தகராறு வந்தது. நாலு ஆண்டுப் படிப்பு வீண், மாணவனின் காலமும் திறமையும் பாழாகும் என்றார் அவர். குறைந்த காலத்திலேயே தொழிலைக் கற்றுக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. வெள்ளைக்கார சர்க்கார் ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார்.

அவர் விலகினாலும் கல்லூரி நிலைத்தது. இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று விளங்குவது அதுதான்.

அவர் சொன்னது முழுவதும் சரியா? பாலத்துக்கும் அணைக்கும் கணக்கு வேண்டும், ஏட்டுப் படிப்பும் வேண்டும். ஆனால் பட்டம் இல்லாதவனின் கைத்திறனுக்கு உரிய மதிப்பு வேண்டும் என்று அவர் எழுப்பிய வழக்கு இன்னும் தீரவில்லை. பத்து ஆண்டு அனுபவம் உள்ள மெக்கானிக் கூலிக்கு நிற்க, சர்டிபிகேட் வைத்திருப்பவர் நாற்காலியில் உட்காரும் தொழிற்சாலைகள் இல்லாமல் இல்லை.

உடைத்த கை

அவருக்குக் கோபமும் அதிகம். 1950-களில் வருமான வரியைக் கண்டித்துப் பொதுக்கூட்டம் போட்டு, விலை உயர்ந்த கருவிகளைப் பலர் முன்னிலையில் உடைத்தார். நண்பர்களே அதைக் குறை சொன்னார்கள். நுணுக்கமாகச் சேர்த்து மாட்டிய கையே உடைத்தது என்றால் அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்!

பெங்களூரில் வாழ்ந்த நோபல் பரிசு விஞ்ஞானி சர்.சி.வி.ராமன் நாயுடுவின் திறமையை வாயாரப் புகழ்ந்தார். தொடக்கப் பள்ளியோடு நின்றவருக்கு அதைவிடப் பெரிய பட்டம் எது?

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். வயது 80. கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. அதே ரோட்டில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கோவையில் இறங்கினால், பிள்ளைகளை அந்தக் கண்காட்சிக்கு அழைத்துப் போகலாம். வீட்டுக்குத் திரும்பியதும் உடைந்த கடிகாரத்தையோ பழைய ரேடியோவையோ பிள்ளை பிரித்துப் போட்டால் அடிக்க வேண்டாம். திரும்ப மாட்டுகிறானா என்று மட்டும் பார்த்தால் போதும்.