கட்டத்துக்குள் ராணுவ ரகசியம்! குறுக்கெழுத்து எழுதிய தலைமை ஆசிரியரின் கதை

இரண்டாவது உலக யுத்தம் நடந்த சமயம். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் மீது பயங்கரமான சந்தேகம் எழுந்தது. எதிரிக்கு உளவு சொல்கிறாரோ என்ற சந்தேகம்!

அவர் எதிரி நாட்டுக்குக் கடிதம் எழுதவில்லை. ரகசிய ரேடியோ வைத்திருக்கவில்லை. பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்!

ஆனால், அந்தப் புதிரின் விடைகளில், அந்த யுத்தத்தின் மிகப் பெரிய ரகசியம் இருந்தது.

அவர் பெயர், லியோனார்டு சிட்னி டாவ்.

கண்ணாடி போட்ட ஆட்டக்காரர்

லியோனார்டு 1889-ம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தார். புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார்.

படிப்பில் மட்டும் அல்ல, கால்பந்து ஆட்டத்திலும் அவர் கெட்டிக்காரர். சவுத்தாம்ப்டன் நகரத்துக் கால்பந்து சங்கத்துக்காக 1912, 1913-ம் ஆண்டுகளில் ஆடினார். பணம் வாங்காமல் ஆடுகிறவர்களுக்கு "அமெச்சூர்" ஆட்டக்காரர்கள் என்று பெயர். 1912-ல் இங்கிலாந்தின் அமெச்சூர் அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

அவரிடம் ஒரு விசேஷம். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே பந்து ஆடுவார்!

பிறகு லியோனார்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். லண்டனில் இருந்த ஸ்டிராண்ட் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் ஆனார். மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தார். பையன்களுக்கு அவரிடம் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு.

அமெரிக்காவில் பிறந்த புதிர்

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்த இடம் அமெரிக்கா. நியூயார்க் நகரில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வேலை பார்த்தார். 1913-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இதழில் அவர் ஒரு புதுமையான புதிரை வெளியிட்டார். அதன் கட்டங்கள் வைர வடிவத்தில் இருந்தன.

1924-ல் முதலாவது குறுக்கெழுத்துப் புத்தகம் வெளிவந்தது. புத்தகத்தோடு ஒரு பென்சிலும் சேர்த்துக் கொடுத்தார்கள்! அவ்வளவுதான், அமெரிக்கா முழுவதும் குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்தது. பிரயாணிகள் புரட்டிப் பார்ப்பதற்காக ரெயில் வண்டியில் அகராதி வைத்த கம்பெனியும் உண்டு.

அந்த மோகம் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் வந்தது. லண்டனில் வெளிவரும் "டெய்லி டெலிகிராப்" பத்திரிகை, 1925-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி தன் முதலாவது குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டது. அதை எழுதியவர் லியோனார்டு.

இந்த மோகம் சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்று பத்திரிகைக்காரர்கள் நினைத்தார்கள். தீரவில்லை! பள்ளிக்கூட வேலையோடு புதிர் எழுதும் வேலையும் லியோனார்டுக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிட்டது.

விடை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஆரம்ப காலத்துப் புதிர்கள் நேரானவை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

நாளடைவில் இங்கிலாந்தில் வேறு ஒரு வகை வளர்ந்தது. குறிப்பு ஒன்றைச் சொல்வது போல் இருக்கும். உண்மையில் வேறு ஒன்றைச் சொல்லும். சொல்லை உடைப்பார்கள், ஒளிப்பார்கள், இரண்டு அர்த்தத்தை ஒன்றாக முடிச்சுப் போடுவார்கள்.

அது எப்படி என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம்.

"முதலைக்குள் ஒளிந்த சிரம்" என்று ஒரு குறிப்பு. விடை, இரண்டு எழுத்து. முதலையின் வயிற்றைக் கிழிக்க வேண்டாம்! "முதலை" என்ற சொல்லுக்குள்ளேயே "தலை" இருக்கிறது. சிரம் என்றாலும் தலைதான். விடை: தலை.

"வைக்கச் சொல்லிக் கரம் நீட்டும் மதுரை ஆறு." இதற்கும் இரண்டு எழுத்து. வைக்கச் சொல்வது "வை". கரம் என்பது "கை". இரண்டையும் சேர்த்தால் வைகை. மதுரையில் ஓடும் ஆறு அதுதானே!

"கழுத்தில் விழும், பகல் போனால் வரும்." இதற்கு ஒரே விடை. அதுதான் மாலை. பூமாலை கழுத்தில் விழும். மாலை நேரம் பகல் போனால் வரும்.

புதிதாகப் புதிர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வகைக் குறிப்பில் பெரும்பாலும் இரண்டு பாகம் இருக்கும். ஒரு பாகம், விடையின் நேரான அர்த்தம். அது குறிப்பின் தொடக்கத்திலோ, முடிவிலோ இருக்கும். மற்றொரு பாகம், சொல் விளையாட்டு. இரண்டும் ஒரே விடையைக் காட்டினால், அந்த விடை சரி.

தெரிந்ததை முதலில் எழுதிவிட வேண்டும். அந்த எழுத்துக்கள், அதைக் குறுக்கே வெட்டும் சொல்லுக்கு வழி காட்டும்.

12 நிமிடப் பந்தயம்

இந்தப் புதிர்கள் வெறும் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள். யுத்தம் வந்ததும் அந்த எண்ணம் மாறியது.

டெலிகிராப் புதிர்கள் மிகவும் சுலபமாக இருக்கின்றன என்று சிலர் குறை கூறினார்கள். 12 நிமிடத்துக்குள் ஒரு புதிரைப் போட முடியுமா என்று சவால் பிறந்தது. முடித்துக் காட்டினால் தர்ம நிதிக்கு 100 பவுன் தருவதாக ஒருவர் அறிவித்தார்.

1942-ம் ஆண்டு ஜனவரி மாதம், பத்திரிகை ஆபீசிலேயே போட்டி நடந்தது. சிலர் 12 நிமிடத்துக்குள் முடித்து எல்லோரையும் திகைக்க வைத்தார்கள்!

பிறகு, போட்டிக்கு வந்தவர்களில் சிலருக்கு யுத்த இலாகாவிடம் இருந்து அழைப்பு வந்தது. பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில், ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் வேலை நடந்து வந்தது. புதிர் போடும் மூளை அந்த வேலைக்குத் தேவைப்பட்டது.

முதல் சந்தேகம்

அதே 1942-ல் லியோனார்டு மீது முதல் சந்தேகம் விழுந்தது.

ஆகஸ்டு 17-ந் தேதி வெளிவந்த புதிரில், பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றின் பெயர் கேட்கப்பட்டு இருந்தது. அதற்கு விடை "டியப்". மறுநாள் பத்திரிகையில் விடை வெளியாயிற்று.

அதற்கு அடுத்த நாள், ஆகஸ்டு 19-ந் தேதி, நேச நாட்டுப் படைகள் டியப் துறைமுகத்தின் மீது திடீர்த் தாக்குதல் நடத்தின. சுமார் 6 ஆயிரம் வீரர்கள் போனார்கள். பெரும்பாலோர் கனடா நாட்டினர். பாதிக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், காயம் அடைந்தார்கள், அல்லது கைதி ஆனார்கள்.

புதிர் மூலம் எதிரிக்கு யாராவது துப்புக் கொடுத்தார்களா? ராணுவ அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். இது தற்செயலாக நடந்தது என்று முடிவு கட்டினார்கள்.

ஒரு மாதம், ஐந்து சொற்கள்

1944-ம் ஆண்டு பிறந்தது. ஹிட்லரின் பிடியில் இருந்த பிரான்ஸ் தேசத்தை மீட்க, நேச நாடுகள் பிரமாண்டமான படையெடுப்புக்குத் தயார் ஆயின.

எந்தக் கடற்கரையில் இறங்குவார்கள்? எந்தத் தேதியில் இறங்குவார்கள்? இது பரம ரகசியம். கலே என்ற ஊருக்குப் பக்கத்தில்தான் பெரிய தாக்குதல் வரும் என்று ஜெர்மானியரை நம்ப வைக்க, பொய்யான ஏற்பாடுகளைக்கூடச் செய்து இருந்தார்கள். உண்மை வெளியானால், கரை இறங்கும் வீரர்களை எதிரியின் பீரங்கிகள் வரவேற்கும். ஆயிரக்கணக்கான உயிர் போகும்.

அதனால் எல்லாவற்றுக்கும் மறைபெயர் வைத்தார்கள். அமெரிக்கப் படை இறங்க வேண்டிய இரண்டு கடற்கரைகளுக்கு "யூட்டா", "ஒமாகா" என்று பெயர். படையெடுப்பு முழுவதற்கும் "ஓவர்லார்டு" என்று பெயர். கடற்படையின் பங்குக்கு "நெப்டியூன்" என்று பெயர். கடலில் இழுத்துச் சென்று அமைக்கும் செயற்கைத் துறைமுகத்துக்கு "மல்பெரி" என்று பெயர்.

மே மாதம் 2-ந் தேதி டெலிகிராப் புதிர் ஒன்று அமெரிக்க மாநிலம் ஒன்றைக் கேட்டது. விடை: யூட்டா!

மே 22-ந் தேதி, மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த செவ்விந்தியக் குலத்தைக் கேட்டது. விடை: ஒமாகா!

மே 27-ந் தேதி, ஒரு பெரிய மனிதரைப் பற்றிக் குறிப்பு. விடை: ஓவர்லார்டு!

மே 30-ந் தேதி, குழந்தைகள் சுற்றிச் சுற்றி வந்து ஆடும் செடியைக் கேட்டது. ஆங்கிலத்தில் சுற்றுவதற்கும் புரட்சிக்கும் ஒரே சொல். அதை வைத்து அந்தக் குறிப்பு வேடிக்கை செய்தது. விடை: மல்பெரி!

ஜூன் 1-ந் தேதி, திரிசூலம் ஏந்திய கடல் தெய்வம் வந்தது. விடை: நெப்டியூன்!

ஐந்து மறைபெயர்கள்! அத்தனையும் ஒரே மாதத்தில்! படையெடுப்புக்குச் சில நாட்களே பாக்கி!

குடைந்து குடைந்து கேள்வி

ரகசியப் போலீசார் லியோனார்டைத் தேடி வந்தார்கள். அப்போது அவர் லண்டனில் இல்லை. குண்டு வீச்சுக்குப் பயந்து, அவருடைய பள்ளிக்கூடத்தை சர்ரே வட்டாரத்தில் உள்ள எபிங்காம் என்ற ஊருக்கு மாற்றி இருந்தார்கள்.

இந்தச் சொற்களை எங்கே பிடித்தீர்? யார் சொன்னார்கள்? யாருக்காக எழுதினீர்? இப்படிக் கேள்வி மேல் கேள்வி போட்டார்கள்.

யுத்த காலத்தில் உளவு சொன்னதாக ருசுவானால், தண்டனை மரணம்.

லியோனார்டு அசையவில்லை. அவை சாதாரண அகராதிச் சொற்கள், ஊர்ப் பெயர்கள். அவற்றைப் புதிரில் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவரோடு சேர்ந்து புதிர் எழுதி வந்த மற்றொருவரையும் அதிகாரிகள் விடவில்லை. அவரையும் போய் விசாரித்தார்கள். கடைசியில், இரண்டு பேர் மீதும் குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஜூன் 5-ந் தேதி நடக்க வேண்டிய படையெடுப்பு, புயல் காரணமாக ஒரு நாள் தள்ளிப்போயிற்று. ஜூன் 6-ந் தேதி ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் பிரான்சில் இறங்கினார்கள். எந்த இடத்தில் இறங்குவார்கள் என்பது ஜெர்மானியருக்கு முன்கூட்டித் தெரிந்து இருக்கவில்லை. ரகசியம் காப்பாற்றப்பட்டது!

1958-ல் டெலிவிஷன் பேட்டியில் லியோனார்டு இந்தக் கதையைச் சொன்னார். அதிகாரிகள் தம்மைக் குடைந்து எடுத்ததையும், முடிவில் சுட்டுக் கொல்லாமல் விட்டதையும் வேடிக்கையாகவே கூறினார்.

1963-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

மாணவன் சொன்ன கதை

லியோனார்டு இறந்து 21 ஆண்டுகள் ஆயின. 1984-ல் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வாய் திறந்தார். யுத்த காலத்தில் அவருக்கு வயது 14.

அவர் கூறிய விவரம் இதுதான்:

தலைமை ஆசிரியர், காலிக் கட்டங்களைப் பையன்களிடம் கொடுப்பார். பையன்கள் சொற்களைப் போட்டு நிரப்புவார்கள். பிறகு ஆசிரியர் அந்தச் சொற்களுக்குக் குறிப்பு எழுதுவார்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க, கனடா வீரர்களின் முகாம்கள் இருந்தன. பையன்கள் அங்கே போய் வருவார்கள். வீரர்கள் பேசும்போது காதில் விழுந்த சொற்களை இந்த மாணவன் ஒரு நோட்டில் எழுதி வைத்தான். அவற்றைத்தான் கட்டத்தில் போட்டான்.

அதிகாரிகள் வந்து போன பிறகு, தலைமை ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். நோட்டைப் பார்த்ததும் திடுக்கிட்டார். அதை எரித்துவிடும்படி உத்தரவிட்டார். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பைபிள் மீது சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கதையை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. கடற்கரைகளின் மறைபெயர்கள் சாதாரண வீரர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிந்து இருக்குமா என்று சரித்திர ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வெறும் தற்செயல் என்று சொல்வோரும் உண்டு.

மாணவர் சொன்னது உண்மையானால், ஒரு விஷயம் தெளிவு. லியோனார்டு பேட்டி கொடுத்தார், விசாரணையைப் பற்றிச் சிரித்துப் பேசினார். ஆனால் அந்தப் பையனைக் காட்டிக் கொடுக்கவில்லை. கண்டிப்பான ஆசிரியர், தன் மாணவனைச் சாகும் வரை காப்பாற்றினார்.

டெலிகிராப் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் புதிர் இன்றும் வெளிவருகிறது. சில வாரம்கூடத் தாங்காது என்று நினைத்த விளையாட்டு, நூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது!